தோளில் தழும்பு இருந்தது, காசநோயும் வந்தது

"அக்கா, ஊசியே வேண்டாமாம். மூக்கில் மருந்து விட்டால் போதுமாம், காசநோய் வராதாம். உண்மையா?"

தூத்துக்குடியில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கைபேசியை நீட்டிக் கேட்டாள். நானோ துகள், அட்ஜுவன்ட், மூக்குவழித் தடுப்புமருந்து என்று மூன்று பெரிய சொற்கள் ஒரே வரியில் இருந்தன. பக்கத்தில் இருந்த தம்பி ஒருவன், "முதல்ல சோத்துக்கு வழி சொல்லச் சொல்லு, அப்புறம் நானோவைப் பார்க்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயம் இல்லை இது. தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி நம் மக்களுக்குக் கேடு.

முதலில் அவளுடைய கேள்விக்கு நேரான பதில். மூக்கில் விடும் காசநோய்த் தடுப்புமருந்து எதுவும் இன்றுவரை எந்த நாட்டிலும் மக்களுக்கான பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. எலியிலும் குரங்கிலும் நடந்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. மனிதர்களிடம் ஆரம்பக்கட்டச் சோதனைகள் சில நடந்திருக்கின்றன. அவ்வளவுதான். ஆனாலும் இந்த ஆராய்ச்சி ஏன் நடக்கிறது, அதற்கு நம்மோடு என்ன உறவு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் அம்மாவின் கதையிலிருந்து சொன்னால் எனக்கு எளிது.

அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவள். விடியும் முன்பே அளத்துக்குப் போய், பாத்தியில் உப்பு வாரி, தலைச்சுமையாகத் தட்டுமேட்டில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். 2009இல் அவளுக்கு இரண்டு மாதம் இருமல் நிற்கவில்லை. உப்புக் காற்று, வெயில், தூசி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். சளியைப் பரிசோதித்தபோது டி.பி. என்றார்கள். அப்போது வாரத்தில் மூன்று நாள் மாத்திரை, ஆறு மாதம். மாத்திரை இலவசம். அந்த ஆறு மாதமும் அளத்துக்குப் போகாத நாளுக்குக் கூலி யார் கொடுப்பது? மாத்திரையை விழுங்கிவிட்டு, வயிற்றைப் புரட்டிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

தேநீர்க் கடையில் நமக்குத் தனிக் குவளை வைத்திருந்த ஊரில் பிறந்தவள் அவள். நோய் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டுக்குள்ளேயே அவளுக்கு ஒரு தனி டம்ளர் வந்தது. வைத்தது என் ஆச்சி. ஆச்சிக்கு மகள் மேல் பாசம் குறைவில்லை, பயம்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைக் கழுவி அலமாரியின் ஓரத்தில் கவிழ்த்து வைப்பாள். காசநோய்க் கிருமி டம்ளர் வழியாகப் பரவுவது இல்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, பேசும்போது வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. அதை மூச்சோடு இழுப்பவருக்குத்தான் தொற்று. டம்ளரைப் பிரித்து வைத்த நாங்கள் ஆறு பேரும் ஒரே அறையில், ஒரே ஒரு சன்னல் உள்ள வீட்டில், ஒரே காற்றைச் சுவாசித்துத் தூங்கினோம்.

ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது நான் கவனித்த ஒன்று உண்டு. அம்மாவின் இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருந்தது. தடுப்பூசி போட்டும் எப்படி வந்தது என்று அன்று யாரிடமும் நான் கேட்கவில்லை. பதில் நம் தமிழ்நாட்டிலேயே, செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

பி.சி.ஜி. மனிதருக்கு முதன்முதலில் கொடுக்கப்பட்டது 1921இல், பிரான்சில். இந்தியாவுக்கு அது 1948இல் வந்தது. அந்த ஆண்டே சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கப்பட்டது. பள்ளிக்கூடம், தெரு, சேரி என்று கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டார்கள். இது உண்மையிலேயே நம் மண்ணில் வேலை செய்கிறதா என்று பார்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து 1968இல் ஒரு பெரும் சோதனையைத் தொடங்கின. இடம், இன்றைய திருவள்ளூர் வட்டாரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். ஏறக்குறைய 3,60,000 மக்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 2,80,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போட்டார்கள். பிரெஞ்சு, டேனிஷ் என்று இரண்டு வகை பி.சி.ஜி. பயன்பட்டது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் அந்த ஊர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

ஏழரை ஆண்டு முடிவில் வந்த முதல் அறிக்கையே உலகத்தை உலுக்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் பெரியவர்கள் விஷயத்தில் அதையே சொன்னது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்த அதே மருந்து இது. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் நிறைய உண்டு, அவற்றோடு உடல் ஏற்கெனவே பழகிவிட்டதால் பி.சி.ஜி. கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை என்பது முக்கியமான விளக்கங்களில் ஒன்று. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடல் முழுவதும் பரவும் வடிவிலும் வரும் கொடிய காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம். அதை நிறுத்தச் சொல்லி யாராவது உங்கள் தெருவுக்கு வந்தால் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்புங்கள்.

ஆக, பெரியவர்களுக்கு, அதாவது உழைக்கிற வயதில் இருப்பவர்களுக்கு, நூறு ஆண்டுகளாக நம்பத்தகுந்த தடுப்பூசி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாக நோயுற்றார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். பணக்கார நாடுகளில் பரவலாக இருந்திருந்தால் இந்த நோய்க்கு நூறு ஆண்டு காத்திருப்பு இருந்திருக்காது. கொரோனாவுக்கு ஒரே ஆண்டில் தடுப்பூசி வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோமே.

சரி, ஏன் மூக்கு?

தோளில் ஊசி போட்டால் பயிற்சி பெற்ற நோயெதிர்ப்புச் செல்கள் பெரும்பாலும் ரத்தத்தில் சுற்றுகின்றன. கிருமியோ மூச்சுக்குழாய் வழியாக நேரே நுரையீரலின் காற்றறைகளுக்குப் போய் இறங்குகிறது. ரத்தத்தில் இருக்கும் செல்களுக்குத் தகவல் போய், அவை அங்கே வந்து சேர்வதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் கிருமி குடித்தனம் வைத்துவிடும். மூக்கிலும் மூச்சுப்பாதையிலும் மருந்தைக் கொடுத்தால், சளிச்சவ்விலேயே பாதுகாப்பு உருவாகிறது. நினைவாற்றல் கொண்ட டி செல்களில் ஒரு பகுதி நுரையீரலிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. விலங்கு ஆய்வுகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். துறைமுகத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், காவலர்களை ஊருக்குள் சுற்றவிடாமல் கப்பல் வந்து நிற்கும் தளத்திலேயே நிறுத்துவது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூக்கு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் காற்றை வடிகட்டும் உறுப்பு. தூசி, மகரந்தம் என்று எது வந்தாலும் அதற்கெல்லாம் போர் தொடுக்காமல் சளியில் பிடித்து வெளியே தள்ளிவிடும். கிருமியின் ஒரு புரதத்தை மட்டும் எடுத்து மூக்கில் விட்டால் அதையும் தூசி என்றே நினைத்துத் தள்ளிவிடும். "இது தூசி இல்லை, கவனி" என்று உடலுக்குச் சொல்ல ஒரு துணைப்பொருள் வேண்டும். அதைத்தான் அட்ஜுவன்ட் என்கிறார்கள்.

நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல முத்தைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். 1973இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பியில் செயற்கையாக முத்து விளைவித்தார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியை மட்டும் வைத்தால் முத்து வராது. இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துணுக்கை வெட்டி மணியோடு ஒட்டி வைக்க வேண்டும். அந்தத் துணுக்கு வளர்ந்து மணியைச் சூழ்ந்த பிறகுதான் முத்துப்படலம் படியத் தொடங்கும். தடுப்புமருந்தில் மணி என்பது கிருமியின் புரதம், துணுக்கு என்பது அட்ஜுவன்ட். உவமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது, சிப்பி வேறு, மனித உடல் வேறு.

நானோ துகள் என்பது இந்தப் புரதத்தையும் துணைப்பொருளையும் ஏற்றிச் செல்லும் மிகச்சிறிய பொதி. காசநோய்க் கிருமியின் நீளம் ஏறக்குறைய 2 முதல் 4 மைக்ரோமீட்டர். இந்தத் துகள்கள் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உடலின் காவல் செல்கள் இந்த அளவுள்ள பொருளை எளிதில் விழுங்கி, நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப்போய் மற்றவற்றுக்குக் காட்டுகின்றன.

மூக்குவழி ஆய்வுகளில் இந்தத் துகளைச் செய்ய அதிகம் பயன்படும் பொருள்களில் ஒன்று கைட்டோசான். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கம்தான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. ஓட்டை அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் போட்டுப் புரதத்தை நீக்கினால் கைட்டின் கிடைக்கும். அதை மேலும் கடுங்காரத்தில் காய்ச்சினால் கைட்டோசான். இதற்கு நேர் மின்னூட்டம், மூக்குச் சளிக்கு எதிர் மின்னூட்டம். அதனால் வழுக்கி ஓடாமல் ஒட்டிக்கொள்கிறது. செல்களுக்கு நடுவில் உள்ள இறுக்கமான இணைப்புகளைக் கொஞ்ச நேரம் தளர்த்தியும் விடுகிறது. தூத்துக்குடி இறால் கம்பெனிகளில் பனிக்கட்டித் தண்ணீரில் கை விறைக்க நாள் முழுக்க ஓடு உரிக்கும் பெண்களில் நம் சேரிப் பெண்கள் எத்தனை பேர்! குப்பையாகப் போகும் அந்த ஓடு ஆய்வகத்தில் மருந்துத் தரத்துக்குச் சுத்தமாகி வெளியே வரும்போது அதன் விலையே வேறு. உரித்த கைக்குக் கிடைப்பது கிலோ கணக்கில் கூலி.

அட்ஜுவன்ட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்72 என்ற தடுப்பூசி சாட்சி. இது தோளில் போடுவது, மூக்கில் இல்லை. கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்து, நானோ அளவுள்ள கொழுப்புக் குமிழிகளால் ஆன அட்ஜுவன்டோடு கொடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியாவில் ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களிடம் நடந்த சோதனையில், மூன்று ஆண்டுகளில் நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2024இல் தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியிருக்கிறது. பாதி என்பது குறைவாகத் தோன்றலாம். என் அம்மாவைப் போன்ற இரண்டு பேரில் ஒருவர் தப்பிப்பார் என்று படித்துப் பாருங்கள்.

அட்ஜுவன்ட் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும், தோழர்களே. சுவிட்சர்லாந்தில் 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மூக்கில் விடும் ஃப்ளூ தடுப்புமருந்து ஒன்று விற்பனைக்கு வந்தது. ஒரு பாக்டீரியா நச்சுதான் அதன் அட்ஜுவன்ட். போட்டுக்கொண்டவர்களில் முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் முகவாதம் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தது. மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு அதே நச்சை மரபணு மாற்றத்தால் வீரியம் குறைத்து, ஹெச்.ஐ.வி.க்கும் காசநோய்க்கும் மூக்குவழி மருந்தாகப் பிரிட்டனில் தன்னார்வலர்களிடம் சோதித்தார்கள். அதிலும் இரண்டு பேருக்கு முகவாதம் வந்து, பின்னர் சரியானது. 2009இல் அதை வெளிப்படையாக ஆய்விதழில் எழுதினார்கள், அந்த அட்ஜுவன்டை மூக்கில் கொடுக்கக் கூடாது என்றார்கள். மூக்குக்கும் முகநரம்புகளுக்கும் மூளைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. கைட்டோசான் அந்த நச்சைப் போன்றது இல்லை, ஆனால் எந்தத் துகளாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது.

கேட்பது யார் என்பதில்தான் நம் பங்கு இருக்கிறது. செங்கல்பட்டு வட்டாரத்தில் ஊர் வேறு, சேரி வேறு. அந்த 2,80,000 தோள்களில் சேரித் தோள்கள் எத்தனை? 1968இல் அவர்களிடம் எந்த மொழியில், எந்தச் சொற்களில் அனுமதி கேட்டிருப்பார்கள்? உலகமே பி.சி.ஜி. பற்றிய கருத்தை மாற்றிக்கொள்ளக் காரணமான அந்த மக்களுக்குத் தாங்கள் செய்தது இன்னதென்று யாராவது திரும்பிப் போய்ச் சொன்னார்களா? சோதனையே தவறு என்று நான் சொல்லவில்லை. அது நடக்காமல் இருந்திருந்தால் பி.சி.ஜி.யை நம்பி இன்னும் ஐம்பது ஆண்டு ஏமாந்திருப்போம். 2009–10இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் நடந்தபோது, விடுதியில் தங்கிப் படித்த பழங்குடி மாணவிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான். கையெழுத்துப் போட்ட விதம்தான் அயோக்கியத்தனம். இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும்.

இல்லாவிட்டால் ராஜாஜியின் வரிசையில் போய் நிற்போம். குலக்கல்வித் திட்டத்தால் 1954இல் முதலமைச்சர் பதவியை விட்டவர், அடுத்த ஆண்டு பி.சி.ஜி.க்கு எதிராகப் பிரசாரம் செய்தார். ஆதாரம் போதுமா என்ற அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது என்று செங்கல்பட்டுக்குப் பிறகு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதற்கு விடை கண்டது மறுப்புப் பிரசாரம் அல்ல, ஊர் ஊராகப் போய்ச் சளியும் எக்ஸ்ரேயும் எடுத்த உழைப்பு. பரம்பரைத் தொழிலுக்குப் போகச் சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த உழைப்பில் சேர நமக்குப் படிப்பும் இருந்திருக்காது.

இப்போது தம்பியின் சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். அவன் பக்கம் பலமான ஆதாரம் இருக்கிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்கள். நோயாளிக்கு மட்டும் உணவுப்பொருள் கொடுத்த வீடுகள் ஒரு பக்கம், வீட்டிலுள்ள எல்லோருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்த வீடுகள் மறுபக்கம். எல்லோருக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் நோய் 48 சதவீதம் குறைந்தது. எம்72 எட்டிய பாதிக்கு அரிசியும் பருப்பும் கிட்டத்தட்ட வந்து நிற்கின்றன பாருங்கள். நோயாளிக்கு ஒன்றிய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அந்தப் பணத்தில் வாங்கியதை அம்மா மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவாளா? வீட்டில் எல்லோருக்கும் ரேஷன் என்று கேட்பதுதான் நியாயமான கோரிக்கை.

ஆனால் தம்பி, சோறா நானோவா என்று ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளையிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவனுக்கு இரண்டும் கிடைக்கும். 2023 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமான மூக்குவழிக் கொரோனாத் தடுப்புமருந்துக்குத் தனியார் மருத்துவமனைகளில் விலை 800 ரூபாய், வரி தனி. உப்பளத்துப் பெண்ணின் ஒரு நாள் கூலியில் அடங்காத விலை. காசநோய்க்கும் இப்படி ஒன்று வரும்போது அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று இன்றைக்கே பேசாவிட்டால், வந்த பிறகு பேச நேரம் இருக்காது.

அதோடு, மைக்ரோபயாலஜி படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருத்தி கைட்டோசான் பற்றித்தான் முதுகலைத் திட்டப்பணி செய்கிறாள். அவள் அம்மா இறால் கம்பெனியில் உரிப்பவர். ஆய்வு மாணவியாகச் சேர்ந்தால் உதவித்தொகை மாதாமாதம் வருமா, வராத மாதம் வாடகைக்கு என்ன செய்வது என்பதுதான் இப்போது அவளுடைய கவலை. மூக்குச் சளியின் மின்னூட்டத்தை அவள் எனக்கு விளக்கியதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

நம் பகுதிக்கு மருந்துச் சோதனைக்காக யாராவது வந்தால் பயந்து கதவைச் சாத்த வேண்டாம், கொடுத்த தாளில் உடனே கைநாட்டும் வைக்க வேண்டாம். தாள் தமிழில் இருக்கிறதா, வாசித்துக் காட்டினார்களா, பாதியில் விலக உரிமை உண்டென்று எழுதியிருக்கிறதா, தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் யார் தருவார்கள், சோதனை முடிந்தபின் மருந்து நமக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகள் மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் வழி செய்திருக்கின்றன. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளை சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எந்த ஊர், எத்தனை பேர், யார் பணம் என்று எல்லாம் இருக்கும், ஆங்கிலத்தில் இருப்பதுதான் தொல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் அதில் காசநோய் என்று தேடி, தமிழ்நாட்டில் நடப்பவற்றை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதி எடுக்கப் போகிறோம். கைபேசியில் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள், மண்டபத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் வேலை செய்கிறது.